மரியதாஸ் பிடித்து வைத்திருந்த போல்ட்

இப்போதெல்லாம் விடியற்காலையில் போன் அடித்தால் நான் உடனே எடுப்பதில்லை. எழுந்து, முகம் கழுவி, கதிரையில் உட்கார்ந்துகொண்டுதான் எடுக்கிறேன். இந்த வயதில் அந்த நேரத்தில் வரும் செய்தி ஒரே வகைதான். அதை நின்றுகொண்டு கேட்க என் முழங்கால்கள் சம்மதிப்பதில்லை. அன்றைக்கும் அப்படி உட்கார்ந்துகொண்டு எடுத்தால், பேசியது மரியதாஸின் மகள் செலின். "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றாள். "சரிம்மா" என்றேன். காலைத் தேத்தண்ணி குடித்தாராம், இன்னொரு கோப்பை கேட்டாராம், அதை ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க அப்பாவைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பிறகு கேட்டாள். ஏலாதும்மா, அலுத்துப் போச்சு என்றேன். உண்மையாகவே அலுத்துவிட்டது. கூட வேலை செய்தவர்களுக்கு ஒவ்வொருவராக நான் எழுதிக்கொண்டிருந்தால் எனக்கு எழுத யார் மிஞ்சுவார்கள்? ஆனால் அவள் அப்பனுக்குப் பிறந்தவள், விடவில்லை. "அந்தத் துவக்கு விசயத்த நீங்கதான் மாமா எழுதணும். லயத்து ஆளுங்க இன்னமும் அப்பாவத் தப்பாத்தான் பேசுறாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த வருஷம் அவரோடு பேச்சை நிறுத்தியவர்கள். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கும் தெம்பில்லை.

றொசல்லைக்கு மேலே இருக்கும் நம் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் அவர் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர், நான் எலக்ட்ரிஷன். ஒரே கொட்டகை, ஒரே மேசை. எழுத்துக்காக 'அவர்' என்கிறேன்; நேரில் எங்களுக்குள் எப்போதும் வாடா போடாதான். வேலையில் அவரைப்போல் எரிச்சலூட்டும் மனிதரை நான் பார்த்ததில்லை. கொழுந்து உருட்டும் ரோலரில் ஏதாவது சத்தம் கேட்டால் போதும், ஸ்குரூட்ரைவரின் முனையை பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கம் டீமேக்கர் கத்திக்கொண்டிருப்பார், கொழுந்து காத்துக் கிடக்கும். "போதும்டா மச்சான், வா" என்பேன். "இரு, அது இன்னும் பேசி முடிக்கல" என்பார். பழுது பார்த்து முடிந்ததென்று நான் சுவிட்சுப் பக்கம் போனால் கையைத் தட்டிவிடுவார். "முடிஞ்சுதுன்னு மெஷின் சொல்லட்டும், நீ சொல்லாத." இப்படி அவரால் ஆறிப்போன சோற்றை நான் எத்தனை முறை தின்றிருப்பேன் தெரியுமா?

மாதா கோயில் திருநாளுக்கு முந்திய வாரமும் இதே கூத்துதான். சப்பரத்தின் சக்கரங்களைக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, மறுபடி மாட்டி, சரியில்லை என்று மறுபடி கழற்றுவார். ஒரு முறை பாதர் வந்து, "மரியதாஸ், மாதா அவசரப்படுறாங்க" என்று கேலி செய்தார். "மாதா பொறுத்துக்குவாங்க பாதர், இந்த அச்சுதான் பொறுக்காது" என்றார் இவர். பாதரே சிரித்துவிட்டார். சிரிக்காதது மரியதாஸ் மட்டும்தான்.

மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருஷத்தை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ரொட்டி சுட மாவில்லாமல் போனபோது லயத்து வீடுகளுக்குப் பின்னால் கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டோம். குச்சியை ஊன்றிவிட்டு, தினமும் போய்ப் போய்ப் பார்த்தோம். கிழங்கு வைத்தது. காட்டுப்பன்றிகளும் வந்தன. ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் குழிகள்தான் மிஞ்சும். மரியதாஸின் மனைவி மாக்கிரட் நட்டிருந்த துண்டில் பாதி ஆரம்பத்திலேயே போய்விட்டது. பழைய சேலை கட்டினார்கள், தகரம் கட்டினார்கள். ஒருவர் கம்பிச் சுருக்கு வைக்க, அதில் அவருடைய நாயே மாட்டிச் செத்தது.

தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்தில் பண்டார மாத்தயாவிடம் ஒரு ரைபிள் இருந்தது, லைசன்ஸோடு. அவருடைய அப்பா காட்டுக்குள் வழிகாட்டிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. மாத்தயா நல்ல மனிதர், வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். பன்றிகள் அவருடைய வாழையையும் விட்டுவைக்கவில்லை. நான் வருகிறேன், பன்றியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நம் தோட்டத் தலைவரிடம் அவராகவே சொல்லி அனுப்பினார். ஆனால் பல வருஷமாகச் சுடாமல் கிடந்த அந்தத் துவக்கின் போல்ட் நகர மறுத்தது. போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு. கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டும். இவருடையதோ உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி கரகரவென்று வந்து பாதியில் நிற்கும். அடிபட்ட பன்றி திரும்பிப் பாய்ந்து வரும் நேரத்தில் அப்படி நின்றால் மனிதன் என்ன ஆவது? மரியதாஸிடம் கொடுத்து வழவழப்பாக்கச் சொன்னார் தலைவர்.

லைசன்ஸ் துவக்கை நினைத்தபடி வெளியே கொண்டுபோக முடியாது. அதிலும் ஒரு தமிழ் ஆளின் மேசையில் துவக்கு கிடந்தால் என்னென்ன கேள்வி வரும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அதனால் துவக்கு மாத்தயாவின் வீட்டிலேயே இருந்தது. போல்ட் மட்டும் மரியதாஸின் சோற்றுப் பையில் பயணம் செய்தது. கிழமை நாட்களில் பெக்டரியில் அதைச் சுத்தம் செய்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போல்ட்டை எடுத்துக்கொண்டு கிராமத்துக்கு இறங்குவார். துணைக்கு நான் போக வேண்டும். மாட்டேன் என்றாலும் விடமாட்டார்.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் கொட்டாவி வருகிறது. மாத்தயாவின் வீட்டு விறாந்தையில் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். விளக்குக் கரியைப் போல்ட்டில் தடவி, உள்ளே தள்ளி, இழுத்துப் பார்ப்பார். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிய எமரித்தாளால் லேசாகத் தேய்ப்பார். மறுபடி கரி, மறுபடி இழுப்பு. அதெல்லாம் முடிந்த பிறகு பித்தளை மினுக்கும் பசையைத் தடவிக்கொண்டு தூக்கு, இழு, தள்ளு, மடக்கு என்று பொழுது சாயும்வரை அதே வேலை. மாத்தயாவின் மனைவி தேத்தண்ணியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைப்பார். இவருடைய பங்கு பழத்தையும் நானே தின்பேன். "கிரைண்டர்ல ஒரு தடவ புடிச்சா முடிஞ்சிரும்டா" என்று ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன். "முடிஞ்சிரும். துவக்கும் சேந்து முடிஞ்சிரும்" என்றார். "தேச்சு எடுத்தத திரும்ப ஒட்ட வைக்க ஏலாதுடா மச்சான்."

கடைசி ஞாயிறு அந்தப் போல்ட் ஒற்றை விரலுக்கு ஓடியது. கரகரப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. மாத்தயா அதை வாங்கி இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். "ஷா! மரியா, இது புதுசுதானே!" என்று மரியதாஸின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. அடுத்த சனிக்கிழமை வேட்டை என்று முடிவாயிற்று. லயத்தில் அன்றைக்கே பங்கு பிரித்துவிட்டார்கள்: துவக்குக்கு ஒரு பங்கு, நாய்களுக்கு ஒரு பங்கு, விரட்டப் போகிறவர்களுக்கு இவ்வளவு என்று. துவக்கை ஓட வைத்த பிட்டருக்குப் பங்கு உண்டா இல்லையா என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெரிய வழக்கே நடந்தது. பன்றி அந்த நேரம் மரவள்ளி தின்றுகொண்டிருந்தது.

பசை துளி மிஞ்சினாலும் உள்ளிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கும் என்று சொல்லி, கழுவுவதற்காக மரியதாஸ் போல்ட்டை மறுபடி பெக்டரிக்குக் கொண்டுவந்தார். மாக்கிரட் வரிசையில் கால் கடுக்க நின்று வாங்கி வந்த மண்ணெண்ணெயில் ஒரு கோப்பை அதற்குச் செலவானது. அதற்காக வீட்டில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு. போல்ட்டின் முன்முனையில் இரண்டு பக்கமும் சின்னக் காதுகள் மாதிரி இருக்கும். கைப்பிடியை மடக்கும்போது அவை உள்ளே திரும்பிப் பூட்டிக்கொள்ளும். வெடிக்கிற வேகத்தைத் தாங்கி நிற்பவை அந்தக் காதுகள். அவை விட்டுக்கொடுத்தால் போல்ட் பின்னால் பாயும், பின்னால் இருப்பது சுடுகிறவருடைய கண்ணும் கன்னமும். மரியதாஸ் இத்தனை ஞாயிறுகளிலும் அந்தக் காதுகளில் எமரித்தாளை வைக்கவே இல்லை. கழுவித் துடைத்த பிறகு ஒரு காதின் அடியில் மட்டும் ஈரம் திரும்பத் திரும்பக் கசிந்ததாம். சோக்குக் கட்டியைப் பொடியாக்கி அங்கே தடவிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். வெள்ளைப் பொடியில் மயிரிழை அளவுக்கு ஓர் ஈரக்கோடு.

"தெரியுதா?" என்றார்.

"கோடு தெரியுது. வெடிப்பா என்னான்னு எனக்குத் தெரியலடா."

"வெடிப்புதான்" என்றவர், போல்ட்டை மேசையில் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "கரகரன்னு கிடந்த வரைக்கும் அத யாரும் சுடல மச்சான். நான்தான் இப்ப சுடுற மாதிரி ஆக்கி வச்சிட்டேன்" என்றார்.

அன்றைக்கே கிராமத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார், போல்ட் தர ஏலாது என்று. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அவர் வீட்டு வாசலில் நின்றீர்கள். தலைவர் முதலில் பக்குவமாகத்தான் பேசினார். "மரியதாஸ் அண்ணே, புள்ளைங்க பசியில கெடக்குதுங்க. ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க, ரெண்டு பன்றி விழுந்தா போதும், மத்தது ஓடிரும்." மரியதாஸ் தலையை ஆட்டினார், இல்லை என்று. அப்போது உங்களில் ஒருவர் பின்னாலிருந்து, "வெடிச்சா அந்தாளு மூஞ்சிலதானே வெடிக்கும்? நமக்கு என்னாங்க?" என்றார். பெயர் எழுதவில்லை, சொன்னவருக்குத் தெரியும். மரியதாஸ் எழுந்தார். சத்தம் போடவில்லை. "கண்ணு யாரு மூஞ்சில இருந்தா என்னாடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வாசலில் நின்ற நமக்கெல்லாம் மாக்கிரட்தான் முகம் கொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய மரவள்ளியும் அந்தக் கூட்டத்தின் மரவள்ளியோடு சேர்ந்துதானே போய்க்கொண்டிருந்தது.

பண்டார மாத்தயாவே மேலே ஏறி வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. "என்ட துவக்கு. என்ட அப்பாட துவக்கு. நீ யாரு குடுக்க மாட்டேன்னு சொல்ல?" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினார். மரியதாஸ் சோக்குக் கோட்டைக் காட்டினார். மாத்தயாவுக்கு அது கோடாகவே தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து சுடுகிறேன், எனக்கு இல்லாத பயம் உனக்கென்ன என்றார். அவர் பொலிசுக்குப் போயிருந்தால் சிங்களவர் ஒருவரின் துவக்குச் சாமானைப் பிடித்து வைத்திருக்கும் தமிழனுக்கு என்ன நடந்திருக்கும்? "குடுத்துத் தொலைடா. இல்லாட்டி சுத்தியலால அந்தக் காதுல ஒரு போடு போடு. வெடிப்புன்னா உடைஞ்சி விழும், எல்லாரும் பாத்துக்கட்டும்" என்று கெஞ்சினேன். "உடையலேன்னா?" என்றார். "அவங்க அப்பா துவக்க நாசமாக்கினவன் ஆயிருவேன்." அந்த அளவுக்கு அவருக்கே சந்தேகம் இருந்தது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சந்தேகத்தோடும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

சனிக்கிழமை வேட்டை நடக்கவில்லை. மரவள்ளி போயிற்று. மரியதாஸ் தினமும் வேலை விட்டு வந்ததும் உர வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், மழையில் நனைந்து, தன் துண்டுக்கும் உங்கள் துண்டுகளுக்கும் நடுவில் நின்று தட்டிக்கொண்டிருந்தார். பன்றிகள் அந்தச் சத்தத்துக்குப் பழகி வேறு பக்கமாக வந்து தின்றன. நீங்களும் பேச்சை நிறுத்தினீர்கள். அந்த வருஷம் சப்பரத்துச் சக்கரத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. கோயில் வாசல்வரை போய், சப்பரம் கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "அச்சுல கிரீஸே இல்லடா" என்று என்னிடம் சொன்னார். எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் அவருக்கு வரவில்லை. அவருக்கு அலுப்புதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் சிரமப்பட்டு எதையும் யாருக்கும் விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கிழங்கு எல்லாம் தீர்ந்த பிறகு, இனிச் சுட எதுவும் இல்லை என்ற நிலையில், அவரே போல்ட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் மாத்தயாவின் விறாந்தையில் வைத்தார். "சுட வேணாம் மாத்தயா" என்று மட்டும் சொன்னார். மாத்தயா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தேத்தண்ணி வரவில்லை. பிறகு மரியதாஸ் சாகும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது சவ அடக்கத்துக்கு வருகிறேன். பண்டார மாத்தயா வருவார் என்று நம்மில் யாருமே நினைக்கவில்லை. பொல்பிட்டியவில் மகன் வீட்டில் இருக்கிறவர், பஸ் பிடித்து, பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மரியதாஸின் முகத்தை நீண்ட நேரம் பார்த்தார். செலினின் தலையில் கையை வைத்தார். "கோவக்காரன்" என்றார் அவளிடம். யாரைச் சொன்னார் என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

திரும்பும்போது எங்கள் இருவருக்கும் ஒரே பஸ். நான் கினிகத்தேனையில் மகள் வீட்டுக்கு, அவர் அதைத் தாண்டி. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வட்டவளை வந்தது. பிறகு அவராகக் கேட்டார்.

"நீங்க பாத்ததுதானே? அதுல வெடிப்பு இருந்திச்சா?"

"கோட்டத்தான் பாத்தேன் மாத்தயா. வெடிப்பா, சோக்குக் கோடான்னு எனக்கு இன்னும் தெரியாது."

"நானும் பாத்தேன்" என்றார். "கண்ணாடி போட்டுப் பாத்தேன். மகன்ட போன் லைட்ல பாத்தேன். ஒண்டும் தெரியல்ல."

"பொறகு ஏன் சுடல?"

"எப்படிச் சுடுறது?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். "மரியா வேணாம்னு சொன்னான்தானே. கன்னத்த அதுல வைக்கப் போனா அவன்ட மொகம் வருது. ரெண்டு மூணு தரம் வச்சுப் பாத்தேன். ஏலாது." பிறகு லைசன்ஸைப் புதுப்பிக்காமல் மகன் கையில் கொடுத்துத் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டாராம், போல்ட்டோடு. இனி அதை யாரும் பார்க்கப்போவதில்லை. சொல்லி முடித்துவிட்டு வெளியே பார்த்தபடி இருந்தவர், அப்படியே தூங்கிப்போனார்.

தூக்கத்தில் அவருடைய தலை சாய்ந்து என் தோளில் விழுந்தது. நல்ல கனமான தலை. வெற்றிலை வாடை. வளைவுக்கு வளைவு அது என்மேல் இன்னும் அழுந்தியது. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நாள் முழுக்க நின்ற முழங்கால் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கண்களும் மூடியிருந்தன, கன்னம் சுருங்கி வாய் கொஞ்சம் திறந்து, குறட்டை வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அன்று முழுக்க வராத அழுகை எனக்கு வந்தது.

வெடிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மரியதாஸ் செய்தது சரி என்று உங்களிடம் நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லை, நிரூபிக்கிற தெம்பும் இல்லை. மரியதாஸிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, என் தோளில் முழுசாகக் கிடந்த மாத்தயாவுடைய தலையின் பாரம்தான். கினிகத்தேனையில் பஸ் நின்றது. "இறங்கல்லையா ஐயா?" என்று கண்டக்டர் கேட்டான். போகட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.